மணியனிடம் யார் கேட்டது?

கூக்கால்
12.2.2005

அன்பு மருமகள் சுகன்யாவுக்கு, மாமன் திருமலைச்சாமி எழுதுவது.

நான் முன்னாலேயே சொன்னேன். ஒன்றிரண்டு அல்ல, எல்லாவற்றையும் சொன்னேன். வேல்ராஜ் பூண்டுக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்புவான் என்றேன். கிளம்பப்போகிறான். கிளம்பும்போது தம்பி ஊமையன் மணியனை எங்கே விடுவது என்று முழிப்பான் என்றேன். முழிக்கிறான். கடைசியில் அந்த வழக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போய் நாயுடுபுரத்தில் என் அக்கா மகள் மேசைமேல் உட்காரும் என்றேன். உட்கார்ந்துவிட்டது. "இதெல்லாம் எப்பங்க சொன்னீங்க? எங்கிட்டச் சொல்லலையே" என்று உன் அத்தை சுப்பம்மா கேட்கிறாள். நான் சொன்ன நேரம் அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அதற்கு நான் என்ன செய்ய?

நீ மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தபோதும் அப்படித்தான். "சமூகப் பணியாம்ல, அதை ரெண்டு வருசம் படிக்கணுமாக்கும்" என்று ஊரே சிரித்தது. சிரிக்காதவன் நான் ஒருவன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால் படிப்பின் ஆழம் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நீ ஆபீஸ் ஜீப்பில் வந்து இறங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. கலெக்டர் வந்தபோதுகூட இவ்வளவு கூட்டமில்லை. (வரவில்லை. வருவதாக இருந்தது.) ஒட்டன்சத்திரம் பக்கம் காது கேளாதவர்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறதாம், அங்கே தம்பியைச் சேர்க்க உன் அறிக்கை வேண்டுமாம் என்று வேல்ராஜ் சொன்னான். முப்பத்தெட்டு வயது ஆம்பளையை எங்கே விடுவது என்று இந்தப் பிள்ளையா முடிவு பண்ணும் என்று அவனுக்குச் சந்தேகம். எனக்கு இல்லை.

உன்னைப் பார்த்ததும் மணியன் எழுந்து காட்டுக்குள் போய்விட்டான் என்று நீ வருத்தப்பட்டிருப்பாய். அப்படி இல்லை. 'பெரிய அதிகாரி வந்திருக்கிறார், கைகால் கழுவி வருகிறேன்' என்பது அதன் அர்த்தம். அவன் கைப்பேச்சு முழுவதும் அறிந்தவன் மலைமேலே நான் ஒருத்தன்தான். அண்ணனைச் சொல்ல மீசையை முறுக்குவான். உன் அத்தையைச் சொல்லக் கரண்டி பிடிப்பான். என்னைச் சொல்ல, ஐந்து விரலையும் குவித்து, விரித்து, குவித்து, விரித்துக் காட்டுவான். விளக்கு மினுக்கென்று எரிகிறதல்லவா, அது. ஊருக்கு விளக்கு என்கிறான்.

ஆகையால் இந்த வழக்கில் உனக்கு என் உதவி உண்டு. கூலி வேண்டாம். அறிக்கையில் என் பெயரை மட்டும் முழுதாகப் போடு.

இப்படிக்கு உன் மாமன்,
கூ. திருமலைச்சாமி


நாயுடுபுரம்
21.2.2005

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன். அன்றைக்கு ஊரில் முதலில் சிரித்தது நீங்கள்தான். கூக்கால் பேருந்து கிளம்பி வளைவு திரும்பும்வரை அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. ஆனால் என் தகரப் பெட்டியைத் தலைமேல் வைத்துக் கொண்டுவந்து ஏற்றியதும் நீங்கள்தான். அதனால் விட்டுவிடுகிறேன்.

வியாழக்கிழமையை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் மணியன் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். வேல்ராஜ் அண்ணன் பதில் சொன்னார். கையைக் காட்டிக் கேட்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள். அவரை எங்கே அனுப்புவது என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினோம். அவர் எழுந்து போனதில் என்ன ஆச்சரியம்? நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

எங்கள் வேலை என்ன என்று அத்தை கேட்டாரே, அவருக்கும் படித்துக் காட்டுங்கள். வளர்ந்த மனிதர் ஒருவருக்குத் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் தொடங்க வேண்டும். தெரியாது என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். அவருக்கு எந்த வழியில் கேட்டால் புரியுமோ அந்த வழியில் கேட்பது எங்கள் பாடு. நல்லெண்ணத்தோடு பக்கத்தில் இருக்கிறவர்கள் அவருக்காகப் பேசிவிடுவார்கள், அதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்போது நான் உங்களைத்தான் நினைத்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எடுக்கும் முடிவு நமக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்கவில்லை என்பதற்காக அவருக்குப் புத்தி இல்லை என்று எழுத முடியாது.

எனக்கு இப்போது ஓர் உதவி வேண்டும். இங்கிருந்து நான் அடிக்கடி வர முடியாது. ஒரு வாரம் மணியன் அண்ணனைக் கவனியுங்கள். காலையில் எங்கே போகிறார், எதைச் சந்தோஷமாகச் செய்கிறார், எதைக் கண்டால் முகம் சுளிக்கிறார் என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அர்த்தம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. அவர் பெயருக்கு முன்னால் நீங்கள் ஒரு சொல் சேர்க்கிறீர்கள். அதை விட்டுவிடலாம். மணியன் என்றாலே எல்லோருக்கும் தெரிகிறது.

அத்தைக்கு என் அன்பு.
சுகன்யா


கூக்கால்
7.3.2005

அன்பு மருமகளுக்கு,

பார்த்ததை மட்டும் எழுது என்றாய். பார்த்ததை மட்டும் எழுதினால் கடிதம் அரைப் பக்கம்கூட வராது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

மணியன் (பார், சொல்லை விட்டுவிட்டேன்) வெள்ளனே எழுந்து காட்டுக்குத் தண்ணீர் திறக்கிறான். பூண்டு அறுவடை நடக்கிறது. பிடுங்கி வந்த பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவது அவன் சோலி. ஊரில் எவன் வீட்டு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் மக்கர் செய்தாலும் அவனிடம்தான் வரும். பிரித்துப்போட்டு, காதில் வைத்துக் கேட்க முடியாதல்லவா, உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிப்பான். போன வருஷம் ஒரு லாரி இன்ஜினையே அப்படிச் சரிசெய்தான். லாரி இல்லை, டில்லர். அதுவும் பாதி.

சாயங்காலம் கொடைக்கானல் பேருந்து வந்து நிற்கும் நேரம், அவனும் அங்கே போய் நிற்கிறான். இறங்குகிற ஆட்களின் வாயையும் கையையும் பார்க்கிறான். பிறகு பேருந்தின் முன்மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, அது கிளம்பும்வரை நிற்கிறான். டிரைவர் ஆரன் அடித்தாலும் நகர்வதில்லை, எப்படி நகர்வான்? டிரைவர் இறங்கி வந்து தோளைத் தட்ட வேண்டும். பேருந்துக்குக் காய்ச்சல் பார்க்கிறான் என்று டீக்கடையில் கேலி செய்கிறார்கள்.

அப்புறம் நம் வீட்டுக்கு வருவான். அத்தை சோறு போடுவாள். நான் பேசுவேன். அவன் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். மற்றவன்களைப் போல, "சரி மாமா, மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்" என்று பாதியில் எழுந்து போகிற வழக்கம் அவனிடம் கிடையாது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். நீ கேட்கச் சொல்லாததையும் நான் கேட்டுவிட்டேன். நேற்று அவனை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், மீசையை முறுக்கி, மலையிறங்கிப் போகிற மாதிரி கையை வளைத்து வளைத்துக் காட்டி, 'அண்ணன் உன்னை இல்லத்தில் விடப்போகிறான், போகிறாயா?' என்று கேட்டேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? குனிந்தான். ஒரு பிடி மண்ணை அள்ளினான். அதை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். ஏரியில் மேய்ந்த வாத்துகூட நின்று பார்த்தது.

இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்?

மாமன்


நாயுடுபுரம்
16.3.2005

அன்புள்ள மாமா,

ஏரிக்கரையைப் படித்துவிட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. அர்த்தம் சொல்ல வேண்டாம் என்று எழுதியதற்கு மன்னியுங்கள். நீங்கள் கேட்டிராவிட்டால் யார் கேட்டிருப்பார்கள்?

இந்த வாரமே அறிக்கை எழுதிவிட்டேன். தன் ஊரைவிட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டினார், எனவே இல்லத்தில் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வேல்ராஜ் அண்ணனுக்கும் கடிதம் போய்விட்டது. அவருக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஊரிலேயே மணியன் அண்ணனுக்கு என்னென்ன ஏற்பாடு செய்யலாம் என்று பேச அடுத்த மாதம் வருகிறேன்.

அவசரமாக எழுதுகிறேன். ஜீப் பெருமாள்மலைக்குக் கிளம்பிவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

சுகன்யா


கூக்கால்
5.4.2005

அன்பு மருமகளுக்கு,

உன் அறிக்கையால் ஊரில் என் மதிப்பு ஓர் ஆள் உயரம் கூடிவிட்டது. திருமலைச்சாமி சொன்னால் சர்க்காரே கேட்கிறது என்று பூம்பாறை வரைக்கும் பேச்சு. உன் ஆபீஸ் சர்க்கார் இல்லை, தொண்டு நிறுவனம்தான் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

வேல்ராஜ்தான் என்னோடு பேசுவதில்லை. திருப்பூரில் வீடு பிடித்தாகிவிட்டது, பெண்டாட்டிக்கும் வேலை சொல்லியாகிவிட்டது. ஆகவே அவளையும் பிள்ளைகளையும் முன்னால் அனுப்பிவிட்டு, தம்பிக்காக இவன் மட்டும் இங்கே கிடக்கிறான். சட்டி பானையெல்லாம் லாரியில் போய்விட்டதால் இரண்டு பேருக்கும் சாப்பாடு நம் வீட்டில். சாப்பிடும்போதும் என் பக்கம் திரும்புவதில்லை. பிள்ளைகளைப் பேருந்து ஏற்றிய அன்று சின்னவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஊரே பார்த்தது. எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவைதான் இறங்கியது.

முந்தாநாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தான்.

"சித்தப்பா, உங்க மருமக ஒரு தாளுல எழுதிட்டா. நான் அங்க எம்புள்ளைகளைப் பாக்கவா, இங்க இவனைப் பாக்கவா?"

"ஏலே, அவன் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. நான் இல்லேங்கல. ஆனா மண்ணை அள்ளி நெஞ்சுல வச்சான்னீங்களாம்ல? அவன் கையில மண்ணு பட்டா சோப்புப் போட்டுத் தேய்க்கிறவன். கைதானே அவனுக்கு வாயி. எங்கூடப் பொறந்தவன், எனக்குத் தெரியாதா? அவனாச்சும், மண்ணை அள்ளுறதாச்சும்!"

உணர்ச்சி வேகத்தில் அள்ளியிருப்பான் என்றேன். வேல்ராஜ் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். மணியன் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சண்டை என்று என்னிடம் கையால் கேட்டான். ஒன்றுமில்லை என்று காட்டினேன்.

நீ எப்போது வருகிறாய்? வெரசா வா.

மாமன்


நாயுடுபுரம்
14.4.2005

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் புத்தாண்டு வாழ்த்து.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் மகாராணி மேடத்தைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். எங்கள் கோப்புகளையெல்லாம் படித்துக் கேள்வி கேட்பவர். திட்ட மாட்டார். அதுதான் கஷ்டம். என் அறிக்கையைத் திருப்பி என் முன்னால் வைத்து, "தெளிவாகக் காட்டினார்னு எழுதியிருக்கியேம்மா, யாருகிட்ட காட்டினார்?" என்றார். எங்கள் மாமாவிடம் என்றேன். "நீ பார்த்தியா?" இல்லை என்றேன். "போக மாட்டேன்னாரே, எங்க போக மாட்டேன்னார்? அந்த எடத்தை அவர் பார்த்திருக்காரா? அங்க யார் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியுமா? பார்க்காத எடத்துக்கு வரியான்னு கேட்டா நான்கூட மாட்டேன்னுதான் சொல்லுவேன். அது முடிவா, பயமா?"

மாமா, தவறு என்னுடையது. உங்கள் கடிதம் நான் விரும்பியதைச் சொன்னது. ஏழைக் குடும்பம் சுமையை இறக்கி வைக்கப் பார்க்கிறது என்று முதல் நாளே மனத்துக்குள் எழுதிவிட்டேன். அதற்குத் தக்க சாட்சி கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன். வேல்ராஜ் அண்ணன் சின்னவளைப் பிரிந்து கிடப்பது என் எழுத்தால்.

அதனால் முதலிலிருந்து தொடங்குகிறேன். போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அந்த இல்லத்துக்குப் போனேன். வார்டன் இல்லாத நேரமாகப் பார்த்து, அங்கிருப்பவர்களோடு எழுதிப் பேசினேன். வெளிக்கதவைப் பூட்டுகிறார்களா, ஊருக்குப் போக நினைத்தால் போக முடிகிறதா, அடிக்கிறார்களா என்றெல்லாம் கேட்டேன். அங்கே தச்சுப் பட்டறையில் வேலை சொல்லிக்கொடுக்கும் கந்தவேல் என்பவர் பிறவியிலேயே காது கேளாதவர். அவரை 28-ஆம் தேதி கூக்காலுக்கு அழைத்து வருகிறேன்.

இனித்தான் எழுதக் கஷ்டமான இடம். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம், மாமா. பூம்பாறையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தால் மணியன் அண்ணன் உங்களைப் பார்ப்பார். நானும் உங்களைத்தான் பார்ப்பேன்.

உங்கள்
சுகன்யா


கூக்கால்
20.4.2005

சுகன்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. 28-ஆம் தேதி எனக்குப் பூம்பாறையில் எப்படியும் சோலி இருக்கிறது. விதைப்பூண்டு பார்க்க வேண்டும், இரண்டு பஞ்சாயத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு நிச்சயதார்த்தம். நீ சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

உன் தகரப் பெட்டி பதினெட்டுக் கிலோ இருந்தது. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

திருமலைச்சாமி


நாயுடுபுரம்
25.5.2005

அன்புள்ள மாமா,

நீங்கள் பூம்பாறைப் பேருந்து நிறுத்தத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருந்ததாகப் பேருந்து நடத்துனர் சொன்னார். நடந்ததை உங்களுக்கு ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டியதை நான் பார்த்தேன்.

அன்னக்கொடி அக்கா டீக்கடையில் கந்தவேல் அண்ணனையும் மணியன் அண்ணனையும் எதிரெதிரே உட்கார வைத்தோம். முதலில் இரண்டு பேரும் கிளாசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கந்தவேல் அண்ணன் அடுப்பைக் காட்டி ஒரு சைகை செய்தார். மணியன் அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, அதற்குத் தன்னுடைய சைகையைச் செய்தார். அப்புறம் பாலுக்கு, மழைக்கு, மாட்டுக்கு. ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் திருத்தினார். எப்போது சிரிப்பு தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும்தான். கேட்கிற காதை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் அங்கே வேற்றூர் ஆட்கள் மாதிரி நின்றோம்.

அன்னக்கொடி அக்கா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையில் கப்பலேறி வந்தவர் அல்லவா? அவர் சொன்னார்: "நாங்க வந்து எறங்குன காலம் இங்க உள்ள பேச்சு பாதி வெளங்காதுங்க புள்ள. வாயைப் பொத்திக்கிட்டே திரிஞ்சேன். ஒருநா பெருமாள்மலை கடையில ஒரு பொம்பள எங்க தோட்டத்துப் பேச்சுல பேசுனா பாருங்க, ஓடிப்போயி கையைப் புடிச்சிக்கிட்டேன். யாரு எவருன்னு தெரியாது. இவருக்கு இப்பத்தான் அந்தப் பொம்பள கெடைச்சிருக்கு."

அடுத்த வாரம் மணியன் அண்ணனும் வேல்ராஜ் அண்ணனும் நானும் இல்லத்துக்குப் போனோம். தங்கிப் பார்க்கத்தான், சேர அல்ல என்று கந்தவேல் அண்ணன் அவருக்கு நடித்தே காட்டினார். சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஆனால் எவ்வளவு பேச்சு, மாமா! வரிசை முழுவதும் கைகள். மணியன் அண்ணன் சோற்றைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். வேல்ராஜ் அண்ணன் எழுந்து வெளியே போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இத்தனை வருசமா அவனுக்குச் சோறு போட்டோம், துணி எடுத்தோம். பேச ஆளு வேணும்னு எனக்குத் தோணவே இல்லியே" என்றார். அவரைச் சுமையை இறக்க வந்தவர் என்று நினைத்தேனே, அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

திரும்பி வந்து, மூன்று படங்களை அவர்முன் வைத்துக் கேட்டோம். ஒன்று கூக்கால் வீடு, ஒன்று திருப்பூரில் அண்ணன் குடும்பம், ஒன்று பட்டறை. ஒருநாள் நான் கேட்டேன், வேறொரு நாள் மகாராணி மேடம், இன்னொரு நாள் கந்தவேல் அண்ணன். எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதென்று படங்களை இடம் மாற்றி மாற்றி வைத்தோம். ஒவ்வொரு தடவையும் பட்டறையைத்தான் எடுத்தார். மூன்றாம் தடவை, 'இவர்களுக்கு என்ன, ஞாபக மறதியா?' என்பதுபோல எங்களைப் பார்த்தார்.

ஜூன் மாதம் போகிறார். முதல் மாதம் முடிந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருவார். கூக்கால் வீட்டுச் சாவி அவரிடமே இருக்கும். வேல்ராஜ் அண்ணன் அதற்குச் சம்மதித்துவிட்டார்.

பேருந்தின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அது. நான் அதைத் தாண்டிப்போய் ஏரிக்கரையில் மயங்கிவிட்டேன். ஏரிக்கரையில் அவர் வேறு விதமாகச் சொன்னாரே என்று யோசித்தேன். மனம் மாற யாருக்கும் உரிமை உண்டு. 'முதலில் மறுத்தார், இடத்தைப் பார்த்தபின் மனம் மாறினார்' என்று புதிய அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அவர் அடிக்கடி மனம் மாறுபவரோ என்று இல்லத்தில் ஒருவர் சந்தேகமாகக் கேட்டார். முதல் மாதம் போகட்டும் என்றேன்.

உங்கள் சைகையைக் கந்தவேல் அண்ணனுக்கும் அவர் கற்றுக்கொடுத்துவிட்டார். அது விளக்கு இல்லையாம், மாமா. என்னவென்று கந்தவேல் அண்ணன் எழுதிக் காட்டினார். நேரில் வரும்போது சொல்கிறேன்.

அன்புடன்
சுகன்யா


கூக்கால்
27.6.2005

அன்பு மருமகள் சுகன்யாவுக்கு, மாமன் எழுதுவது.

அந்தச் சைகை என்னவென்று எனக்குத் தெரியும். வாய். ஓயாத வாய். எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும். விளக்கு என்றால் கேட்க நன்றாக இருக்கிறது.

மணியன் வியாழக்கிழமை போனான். வழியனுப்ப ஊரே திரண்டது, ஐந்நூறு பேர் இருக்கும். சரி, பதினைந்து பேர். உன் அத்தை புகைபோட்ட பூண்டில் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு, கையை மோந்து பார்த்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தான். வேல்ராஜ் என் தோளில் கைபோட்டு, "சித்தப்பா, வாங்க, திருப்பூர் வந்து ஒரு வாரம் இருங்க, சின்னவளுக்குக் கதை சொல்ல ஆளில்லை" என்றான். கோபம் போய்விட்டது. என்னால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேருந்து கிளம்பும்போது மணியன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து என்னவோ காட்டினான். ஒரு கையால் என் சைகை, வாய். மறு கையால் வேறு ஏதோ, வளைத்து, தன் பக்கம் இழுத்து. டீக்கடையில் எல்லோரும், "என்ன மாமா சொல்றான்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அவர்களுக்கு ஆச்சரியம். மலைமேலே எனக்குத் தெரியாத ஒன்றா என்று அன்னக்கொடி கிளாசைக் கழுவாமல் நின்றுவிட்டாள்.

இப்போது சாயங்காலமானால் பேசிப் பார்க்கிறேன். உன் அத்தை, "அரிசி களையணும்" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விடுகிறான். அவனிடம் மாடே கிடையாது.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். 'முதலில் மறுத்தார், பின்பு மனம் மாறினார்' என்ற இடத்தில், "மறுபடி படிங்க" என்றாள். படித்தேன். "அந்த எடத்துல ஒரு ஆளு சந்தேகப்பட்டானாமே, அதையும் படிங்க" என்றாள். அதையும் படித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அவள். "நீங்க எழுதுறீங்களா, இல்ல தபால்காரர் வேலுமணி தம்பிகிட்டச் சொல்லி நான் எழுதவா?" என்றாள்.

அடுத்த மாதம் நீ அங்கே போய்ப் பார்ப்பாய். அப்போது எவனாவது, இந்த ஆள் ஒருநாள் மாட்டேன் என்பான், ஒருநாள் சரி என்பான், இவன் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் அந்த வரியை அடித்துவிடு, தாயே. என் பெயரையும் அடித்துவிடு. மணியன் மனம் மாறவில்லை. அவன் சொன்னது ஒரே பதில்தான், அது பட்டறை.

ஏரிக்கரைக்குப் போனது நிஜம். அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் நிஜம். மண்ணை அவன் தொடவில்லை. அழவில்லை. தலையையும் ஆட்டவில்லை. நான் கேட்டால்தானே ஆட்டுவான்? கேட்கத்தான் கூட்டிப்போனேன். மீசையை முறுக்கக் கையைத் தூக்கினேன். போகிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாகிவிட்டது. அதனால் அந்தக் கையாலேயே மேகத்தைக் காட்டி, மழை வருமா வராதா, போன வருஷம் ஆலங்கட்டி எவ்வளவு பெரிசு என்று பேச ஆரம்பித்தேன். துணியெல்லாம் துவைத்து முடித்து அத்தை கூப்பிடும்வரை பேசினேன். அவன் எழுந்து போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.